'லிவ்ட்' எப்போது, 'ஹாவ் பீன் லிவிங்' எப்போது?

ஆங்கிலத்தில் இந்த இரண்டும் குழம்புகின்றன, எப்படிப் பழகுவது என்று திருகோணமலையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

"நிலாவெளியில் மூன்று வருஷம் இருந்தேன்" என்றால் முடிந்த கதை: ஐ லிவ்ட் இன் நிலாவெளி ஃபோர் த்ரீ இயர்ஸ். "2019 இலிருந்து உப்புவெளியில் இருக்கிறேன்" என்றால் இன்னும் தொடர்கிறது: ஐ ஹாவ் பீன் லிவிங் இன் உப்புவெளி சின்ஸ் 2019. நாம் வழுக்குவது இங்கேதான். தமிழில் 'இருக்கிறேன்' என்பதால் 'ஐ ஆம் லிவிங்' என்று வாயில் வந்துவிடும்.

தொடங்கிய நேரத்துக்கு 'சின்ஸ்', கால அளவுக்கு 'ஃபோர்'. ஆனால் 'லிவ்ட்', 'ஹாவ் பீன் லிவிங்' இரண்டோடும் 'ஃபோர்' வரும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், பின்னேரம் கடற்கரைக்குப் போனால் கண்ணில் படுவதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தங்கச்சி. வலையைச் சரிசெய்கிறவரைக் கண்டால்: ஹீ ஹாஸ் பீன் மெண்டிங் ஹிஸ் நெட் சின்ஸ் திஸ் மார்னிங். அவர் எழுந்து போனதும்: ஹீ மெண்டட் இட்.