திதி இல்லாதவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் மலேயாத் தோட்டத் தமிழர்களையும் கொண்டுபோய், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பற்றிய உங்கள் நாவலைப் போன வாரம் படித்து முடித்தேன். 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவள். புத்தகம் படித்து அழுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பிள்ளைகளுக்குக் கொலைக்களக் காதையை நடத்தும்போதுகூடக் குரல் பிசகியதில்லை. ஆனால் உங்கள் காலராக் கொட்டகை அத்தியாயத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் மலேயாவுக்குப் போனவர்கள் யாரும் இல்லை. அந்த ரயிலைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விசில் அடித்துக்கொண்டு நடந்து வருவார்களே, அந்த இங்கிலீஷ் படம்தான். அதில் நம் ஆட்கள் இருந்ததாக நினைவில்லை.

உங்களோடு சண்டை போடவும் எனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. அஞ்சலையின் புருஷன் நீக்கே முகாமில் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போகிறான். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவன் வரவே இல்லை. இருநூறு பக்கம் அவன் கூடவே நடந்து வந்தவள் நான். செத்தானா, ஓடிப்போனானா, ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? வாசகியைக் காக்க வைத்துக் கொல்கிறீர்கள்.

இன்னொன்று, அந்தக் கிராணி, தோட்டத்துக் கணக்கர். யார் யார் சயாமுக்குப் போவது என்று பேர் எழுதிக் கொடுத்தவனே அவன்தான். அவனுக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தைக் கொடுத்து, திண்ணையில் உட்காரவைத்து, அழவும் விடுகிறீர்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவனை மன்னிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மகன் பாங்காக்கில் வேலையாக இருக்கிறான். தை மாதம் போகிறோம். அங்கே நம்மவர்களுக்கென்று கல்லோ சமாதியோ ஏதாவது உண்டா? இருந்தால் ஒரு சூடம் ஏற்றிவிட்டு வருவேன். என் பெயரும் ஊரும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மா,

உங்கள் சண்டைக்கு நன்றி. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன்.

நாவல் வந்து எட்டு மாதமாகிறது. தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் அழுததைச் சொல்கிறார்கள். மலேசியாவிலிருந்து எழுதுகிறவர்கள் பிழை திருத்துகிறார்கள். "ரப்பர் மரம் என்று நாங்கள் சொல்வதில்லை, பால்மரம் என்போம்." "பெரட்டுக்கு மணி அடித்தார்கள் என்கிறீர்கள். எங்கள் தோட்டத்தில் மணி ஏது? தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அதைத்தான் தட்டுவார்கள்." பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பது. தண்டவாளம் போடப் போய்ச் சாகவிருந்தவர்களைத் தண்டவாளத்தைத் தட்டித்தான் எழுப்பியிருக்கிறார்கள். இதை நானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால் செயற்கை என்று நீங்களே ஒதுக்கியிருப்பீர்கள்.

முதலில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஐந்து வருஷம் எழுதிய நாவலில் மணியா கண்ணில் பட்டது? போகப் போகத்தான் பிடிபட்டது. தங்கள் வீட்டில் ஒருவர் போய்த் திரும்பாதவர்கள் அவர்கள். அழுது முடித்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது சரியாகச் சொல்வதை மட்டும்தான். அவர்களுடைய எழுத்தாளர்கள் எனக்கு வெகுகாலம் முன்பே இதை எழுதியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பிந்தி வந்தவன்.

அந்தக் கடிதங்களில் ஒன்று உங்கள் முதல் சண்டைக்கு நேராக வருகிறது. பேராக் மாநிலத்திலிருந்து ஒரு வயதான அம்மா எழுதியது. தாத்தா 1943-ல் சயாமுக்குப் போனவர். அழுததாக ஒரு வார்த்தை இல்லை. "அஞ்சலை ஆவணி மாதம் வளர்பிறை நவமியில் புருஷனுக்குத் திதி கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாள் அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பாட்டி ஆடி அமாவாசைக்குத்தான் இலை போட்டார். கழுத்தில் தாலியும் இருந்தது. தாலியோடு படைக்கிறாயே என்று பக்கத்து லயத்து வீட்டில் கேட்டால், உசுரோட வந்தா உக்காந்து சாப்பிடட்டும், போயிருந்தா காக்காயா வந்து சாப்பிடட்டும் என்பார்."

படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நீங்கள் கேட்கிற அந்தச் சாவை நான் எழுதாமல் இல்லை, அம்மா. கையெழுத்துப் பிரதியில் ஒன்பது பக்கம் இருந்தது. வாந்திபேதி, மூங்கில் தட்டி, மழை, கடைசியில் அவன் மகள் பேரைச் சொல்வது வரை. நன்றாகவே வந்திருந்தது, அதனாலேயே உறுத்தியது. அஞ்சலைக்குத் தெரியாத ஒன்றை அவள் முதுகுக்குப் பின்னால் உங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறேன் என்று தோன்றியது. அவள் ஆயுசுக்கும் காத்திருப்பாள், நீங்கள் ஒரு பாட்டம் அழுது முடித்துப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுவீர்கள். ஒன்பது பக்கத்தையும் எடுத்தேன். எடுத்தவன், வேறோர் அத்தியாயத்தில் போகிறபோக்கில் நவமி என்று எழுதிவிட்டேன்! சாவைக் காட்டமாட்டேன் என்று வீம்பு பிடித்தவன் சாவுக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன். பிரதியைப் படித்த நண்பர்கள் ஐந்து பேருக்கும் இது படவில்லை. எங்களில் யாருக்கும் நாள் தெரியாத சாவு வீட்டில் நேர்ந்ததில்லை.

நாள் ஏன் தெரியாமல் போனது என்பதில்தான் இந்த விஷயத்தின் முழுக் கொடூரமும் இருக்கிறது. தாய்லாந்தின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள், கொஞ்சம் அமெரிக்கர்கள். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் படையாக வந்தவர்கள். அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று அதட்ட ஆள் இருந்தது. யார் எங்கே எப்போது இறந்தார் என்று மறைத்து வைத்தாவது எழுதினார்கள். அதனால்தான் 1945-ல் சண்டை ஓய்ந்ததுமே ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளை அடையாளம் காண முடிந்தது. அந்தப் பாதையிலிருக்கும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல் இருக்கிறது. பெயர், வயது, இறந்த தேதி, சிலவற்றில் தாயோ மனைவியோ எழுதிக் கேட்ட ஒரு வரி.

தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்குக் குறையமாட்டார்கள். இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கும் என்கிறார்கள். எல்லாம் மதிப்பீடுதான். மலேயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். அவர்களுக்கு அதிகாரி இல்லை, மருத்துவர் இல்லை, அவர்களை நோட்டில் எழுதி ஒளித்து வைக்க ஆள் இல்லை. 1943-ல் காலரா வந்தபோது ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். நிலைமை முற்றிய பிறகே கைதி மருத்துவர்களைக் கே படை, எல் படை என்று பிரித்துக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். தமிழ் முகாம்களின் கதி என்னவென்று நமக்குத் தெரிவதே பெரும்பாலும் அந்த வெள்ளைக்காரக் கைதிகளின் குறிப்புகளால்தான்.

நீங்கள் சொன்ன படம், 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', 1957-ல் வந்தது. அதை எடுத்த இடம் சயாம் இல்லை, இலங்கையின் கித்துல்கல. அதில் மரப்பாலத்தைக் கட்டித் தகர்க்கிறார்கள். காஞ்சனபுரியில் இருக்கும் நிஜப் பாலம் இரும்பு, இன்றும் அதில் ரயில் ஓடுகிறது. சினிமாவைக் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்கள் தங்கள் ஆட்களைப் பற்றி எடுத்தார்கள்.

இனி கிராணி. என் நியாயத்தைச் சொல்கிறேன், ஏற்பதும் ஏற்காததும் உங்கள் இஷ்டம்.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் விழுந்த பிறகு ரப்பரை வாங்க ஆள் இல்லை. பால்மரம் சீந்துவாரற்று நின்றது. அரிசி வரத்து சுருங்கி, மரவள்ளிக்கிழங்கே சோறானது. அந்தப் பசியில்தான், சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலேயா டாலர்), சாப்பாடு இலவசம் என்று ஜப்பான்காரன் ஆள் கேட்டான். முதலில் சிலர் ஆசைப்பட்டே போனார்கள். போனவர்கள் திரும்பாததைப் பார்த்ததும் மற்றவர்கள் காட்டில் ஒளிந்தார்கள். சயாமுக்குப் போவதற்கு இது மேல் என்று சுபாஷ் சந்திர போஸின் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. இலவசப் படம் என்று கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து, அப்படியே ரயிலேற்றியதும் நடந்தது. அந்த அத்தியாயத்தை மிகை என்று ஒரு விமர்சகர் எழுதினார். நாவலில் நான் கூட்டிச் சொல்லாத இடங்களில் அதுவும் ஒன்று.

தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு வரும். யார் தலை என்று எழுதுவது கிராணி. பிடிக்காதவன், எதிர்த்துப் பேசியவன், கேட்க நாதியில்லாதவன், இவர்கள் பெயர்தான் முதலில் ஏறும். என் கிராணியும் அப்படித்தான் எழுதினான், அஞ்சலையின் புருஷன் பெயரை எழுதியதற்குக் காரணமும் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். செத்தவர்களுக்குப் பட்டியல் கிடையாது. அந்தத் தோட்டத்தில் அந்தப் பெயர்களை ஒரே இடத்தில் எழுதிய காகிதம், அவர்களைச் சாக அனுப்பிய காகிதம் ஒன்றுதான். ஜப்பான்காரன் தோற்றதும் பயந்துபோய் அதையும் அவன் அடுப்பில் போட்டுவிட்டான். மிச்சமிருந்தது அவன் ஞாபகம். கடைசி அத்தியாயத்தில் திண்ணையில் உட்கார்ந்து அவன் 43 பெயரையும் தகப்பன் பெயரோடு வரிசை பிசகாமல் சொல்வது அதனால்தான். எனக்குத் தேவைப்பட்டது அந்தப் பெயர்கள். அவற்றை வாங்க அவனிடம்தான் போக வேண்டியிருந்தது.

அவன் அழுகிறான், நிஜம்தான். பக்கத்திலிருக்கும் அஞ்சலை என்ன செய்கிறாள் என்று மறுபடி ஒருமுறை பாருங்கள். 17-வது பெயர் வரும்வரை கேட்கிறாள். அது அவள் புருஷன் பெயர். எழுந்து போய்விடுகிறாள். தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. மன்னிப்பு இருந்தால் அது அவளிடம் இருக்க வேண்டும். அவள் கொடுத்ததாக நான் எங்கும் எழுதவில்லை. உங்கள் ஆத்திரம் அவளுடைய ஆத்திரம்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் பதிப்பில் நவமி போய் ஆடி அமாவாசை வரும், மணி போய்த் தண்டவாளத் துண்டு வரும். பேராக் அம்மாவின் பாட்டி சொன்ன வாக்கியத்தை அஞ்சலைக்குக் கொடுக்கலாமா என்று அனுமதி கேட்டு எழுதினேன். "எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காக்காய்க்கு முந்தி உசுரைச் சொல்ல வேண்டும், மாற்றிவிடாதீர்கள்" என்று பதில் வந்தது.

பயணத்துக்கு வருகிறேன். பாங்காக்கில் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒரு ரயில் புறப்படுகிறது, அதில் போங்கள். அதே பழைய பாதையில் நாம் டோக் வரை ஓடுகிறது. காஞ்சனபுரியில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம். புல்லைச் சீவி, செடி வைத்து, அவ்வளவு சுத்தம். அதை ஒட்டியே ஒரு பௌத்தக் கோயில். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களைச் சேர்த்துப் புதைத்த நினைவிடம் அங்கே இருக்கிறது. சூடத்துக்கு அதுதான் இடம் என்று தோன்றும்.

ஆனால் பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வேலை முடிந்த மறுவருஷம், 1944-ல், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, இறந்தவர்களுக்கென்று ஜப்பானியர்கள் எழுப்பிய நினைவுத்தூண். பல மொழிகளில் வாசகம் பதித்திருக்கிறார்கள். தமிழும் இருக்கிறது. அந்தப் பாதையில் செத்தவர்களுக்காக முதலில் தமிழில் கல் வெட்டியவர்கள் அவர்களைச் சாகடித்தவர்கள்தான். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சூடத்தை அங்கே ஏற்றுவதா, கோயிலுக்கே திரும்பிப் போய் ஏற்றுவதா என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம். எங்கே ஏற்றினீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.