ஃபோம் கம்பெனி வேலைக்கு மகளை அனுப்பலாமா?

ஐயா, வணக்கம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த மகளுக்கு ஃபோம் கம்பெனி லேபில் டிரெய்னி வேலை கிடைத்திருக்கிறது. "ஓசோனைக் கெடுக்கிற தொழிலாமே, நாளைக்கே தடை போட்டால் பிள்ளை கதி என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். கெமிக்கல் உடம்புக்கு ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் பயத்தை விட்டுவிடுங்கள். இரண்டாவதை விடாதீர்கள்.

ஃபிரிட்ஜ் கதவுக்குள் இருக்கும் கெட்டி ஃபோமை லேபில் சின்னதாகச் செய்து பார்ப்பார்கள். பேப்பர் கப்பில் பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்கள்தான் மூலப்பொருள்: முதலாவதை எடை போட்டு, இரண்டாவதை ஊற்றி, வேகமாகக் கலக்குவார்கள். சில நொடிகளில் கலவை வெளுத்து க்ரீம் போலாகும். பிறகு பால் பொங்குகிற மாதிரி கப்பைத் தாண்டி எழும்பி, அப்படியே இறுகி நிற்கும். கப் சுடும். கலவையில் சேர்த்திருக்கும் இன்னொரு திரவம் அந்தச் சூட்டில் ஆவியாகி ஃபோமை ஊதிவிடும். அந்த ஊதும் திரவத்தில்தான் ஓசோன் பிரச்சினை எல்லாம்.

முன்பு அது சிஎஃப்சி-11 என்ற குளோரின் கலந்த ரசாயனம். ஓசோனைக் காக்க உலக நாடுகள் செய்துகொண்ட 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதைப் படிப்படியாக விட்டு, அதே குடும்பத்து எச்சிஎஃப்சி-141பி-க்கு வந்தார்கள். அதன் கேடு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான், ஆனாலும் கேடு. 2020 ஜனவரி 1 முதல் இந்தியா அதன் இறக்குமதியையும் நிறுத்திவிட்டது. நீங்கள் பயப்படுகிற தடை வந்து முடிந்துவிட்டது ஐயா. ஃபோம் தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது ஃபோமை ஊத சைக்ளோபென்டேன், எச்எஃப்ஓ என்ற புதுவகை ரசாயனங்கள், மெத்தில் ஃபார்மேட், சில இடங்களில் வெறும் தண்ணீர். தண்ணீர் ஐசோசயனேட்டோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆனால் அது நாளடைவில் கசிந்துவிடுவதால் குளிர் தாங்கும் திறன் குறையும். சில எச்எஃப்ஓ வகைகள் வினையை வேகப்படுத்தச் சேர்க்கும் அமின் வினையூக்கியோடு ஒரே டிரம்மில் நாள்பட்டுக் கிடந்தால் கலவை கெட்டு, ஃபோம் சரியாக எழும்பாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஃபார்முலாவை உட்கார்ந்து திருத்த ஆள் வேண்டும். உங்கள் மகள் படித்தது அதைத்தான். பின்னாளில் சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசு நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக்ஸ் பட்டயமும் படித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி உடம்பு. ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். சைக்ளோபென்டேன் பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் சேரும் முன்பு மகளை ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் டிடெக்டர் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, மிக்ஸிங் மேடையில் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா, ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை உண்டா? "மாஸ்க் தருவோம், போதும்" என்பதுதான் பதில் என்றால் அந்த இடம் வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மகளுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததா? இருந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு எழுதுங்கள், வேறு லேப் வேலை பார்ப்போம்.