இருமினாலே யூரின் லீக் ஆகுது, அஞ்சு மாசம் ஆச்சு, இது சரியாகுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு, திருப்பூர் பக்கம். முதல் குழந்தை பிறந்து அஞ்சு மாசம் ஆகுது. நார்மல் டெலிவரிதான், ஆனா கடைசில ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க, பாப்பா 3.6 கிலோ. இப்ப இருமினா, தும்மினா, தண்ணிக் குடத்த தூக்கினா கொஞ்சம் யூரின் வந்துடுது. சில நேரம் வந்த உடனே ஓடினாலும் பாத்ரூம் கதவ திறக்கறதுக்குள்ள நனைஞ்சிடுது. மாமியார்கிட்ட சொன்னா "பிள்ளை பெத்தவளுக்கு எல்லாம் இருக்கறதுதான்"ங்கறாங்க. பயந்துட்டு தண்ணி குடிக்கறதயே குறைச்சுட்டேன். யூடியூப் பார்த்து ஒரு மாசமா கீகல்ங்கற இடுப்புத்தசை எக்ஸர்சைஸ் பண்றேன், ஒண்ணும் தெரியல. அடுத்த மாசம் கம்பெனிக்கு வேலைக்குப் போகணும். ஆபரேஷன்தான் வழியா? அடுத்த குழந்தை பெத்துக்கலாமா?

பதில்: அக்கான்னு கூப்பிட்டுட்டீங்க, அந்த உரிமைல சொல்றேன், முதல்ல எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்து மீதியப் படிங்க. பால் கொடுக்கற உடம்புக்குத் தண்ணி வேணும், அது ஒண்ணு. இன்னொண்ணு, தண்ணி குறைஞ்சா யூரின் கெட்டியாகி மூத்திரப்பைய உறுத்தும், அப்ப கொஞ்சம் சேர்ந்த உடனேயே அவசரமா வரும், கூடவே மலச்சிக்கல் வரும், இன்ஃபெக்‌ஷனும் வர்றதுக்கு வழி. லீக்க நிறுத்தறதா நினைச்சு நீங்க பண்றது லீக்க அதிகமாக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு, ரெண்டரை லிட்டர், தாகம் எடுத்தா இன்னும் கொஞ்சம், யூரின் வெளிர் மஞ்சளா போனா சரி. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மட்டும் மொத்தமா குடிக்காம பகல்ல பிரிச்சுக் குடிங்க.

உங்க மாமியார் சொன்னதுல பாதி நிஜம். பிரசவம் ஆன முதல் மூணு மாசத்துல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு இந்த லீக் இருக்கு, சிசேரியன் ஆனவங்களுக்குக் குறைவு, ஆனா அவங்களுக்கும் வரும், ஏன்னா பத்து மாசம் சுமந்த கனமும் ஹார்மோனும் அவங்களுக்கும் உண்டுதானே. எல்லாருக்கும் வர்றதுதான், அதனால பொறுத்துக்கோன்னு சொல்ற அந்த மீதிப் பாதியத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம வீடுகள்ல முந்தானைய மறைச்சுக்கிட்டு, கல்யாண வீட்டுக்குப் போனா முதல்ல பாத்ரூம் எங்கன்னு பார்த்துக்கிட்டு, முப்பது வருஷம் இத சொல்லாமலே ஓட்டின அம்மாக்கள் எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். அவங்க சிரமத்துல பெரும்பகுதி தேவையே இல்லாதது.

உள்ள என்ன நடந்திருக்குன்னு சொல்றேன். முன்னாடி இருக்கற இடுப்பெலும்புல இருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டின மாதிரி ஒரு தசைக்கூட்டம் இருக்கு, இடுப்புத்தள தசைன்னு பேரு, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் கீழ இருந்து தாங்குது. இருமும்போது வயித்துக்குள்ள அழுத்தம் திடீர்னு ஏறும், அந்த நொடில இந்தத் தசை இறுகி யூரின் குழாய மூடிப் பிடிக்கணும். பாப்பா வெளிய வரும்போது இது பல மடங்கு இழுபடுது, நரம்பும் அடி வாங்குது, ஆயுதம் போட்டிருந்தா சில பேருக்குத் தசையே எலும்புல ஒட்டியிருக்கற இடத்துல இருந்து விட்டுப் போயிடும். அதனால உங்க கேஸ்ல வீட்லயே பண்ணிப் பார்த்துக்கறேன்னு விடாம ஒரு தடவை நேர்ல காட்டறது அவசியம்.

உங்களுக்கு ரெண்டு விதமும் கலந்திருக்கு. இருமினா, குடம் தூக்கினா வர்றது அழுத்தத்துல வர்ற லீக். கதவு திறக்கறதுக்குள்ள வர்றது மூத்திரப்பை தானா சுருங்கறதால வர்ற அவசர லீக். ரெண்டுக்கும் வைத்தியம் கொஞ்சம் வேற. டாக்டர்கிட்ட போகும்போது மூணு நாள் நோட்டுல எழுதிட்டுப் போங்க, எத்தனை மணிக்கு என்ன குடிச்சீங்க, எத்தனை மணிக்குப் போனீங்க, எப்ப என்ன பண்ணும்போது லீக் ஆச்சுன்னு, அந்த ஒரு பக்கத்தப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். யூரின் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க, கர்ப்பத்துல சுகர் இருந்திருந்தா சுகரும் பாருங்க. எரிச்சல், காய்ச்சல், ரத்தம் கலந்து போறது, யூரின் முட்டிக்கிட்டு நின்னும் வர மாட்டேங்குது, கீழ ஏதோ உருண்டையா இறங்கற மாதிரி இருக்கு, தொடையிடுக்குல மரத்துப் போச்சு, இல்ல இருமாம தும்மாம ராப்பகலா ஒழுகிக்கிட்டே இருக்கு, இதுல எது இருந்தாலும் நாள் கடத்தாம போங்க. அதுலயும் யூரின் அடைச்சுக்கிட்டாலோ மரத்துப் போனாலோ அன்னைக்கே போகணும். ராப்பகலா ஒழுகறது மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல ஓட்டை விழுந்ததாக்கூட இருக்கலாம், எக்ஸர்சைஸ்ல தீராது.

இப்ப கீகல். ஒரு மாசமா பண்ணியும் ஒண்ணும் தெரியலன்னா ரெண்டு காரணம்தான், ஒண்ணு ஒரு மாசம் பத்தாது, இன்னொண்ணு நீங்க இறுக்கறது வேற தசையா இருக்கும். 1948ல இந்த எக்ஸர்சைஸப் பத்தி எழுதின அமெரிக்க பெண்கள் நல டாக்டர் அர்னால்ட் கீகலே சும்மா வாயால சொல்லி அனுப்பல, அழுத்தத்த அளக்கற ஒரு மீட்டர உள்ள வச்சு, சரியா இறுக்கறாங்களான்னு அந்தப் பொண்ணே பார்க்கற மாதிரிதான் சொல்லிக் கொடுத்தார். வெறும் வாய்வார்த்தைல சொல்லிப் பண்ணச் சொன்னப்ப நாலுல ஒருத்தர் லீக்க இன்னும் அதிகமாக்கற மாதிரி பண்ணாங்கன்னு 1991ல வந்த ஒரு ஆய்வுல இருக்கு, அதாவது மேல இழுக்கறதுக்குப் பதிலா கீழ முக்கறது. நான் பார்க்கறவங்ககிட்டயும் இதுதான் நடக்குது. தொடைய சேர்ப்பாங்க, பின்புறத்த இறுக்குவாங்க, மூச்சப் பிடிச்சுக்குவாங்க, இறுக்க வேண்டியது மட்டும் சும்மா இருக்கும்.

சரியா பண்றது இப்படி. மல்லாக்கப் படுத்து முழங்கால மடக்குங்க. நாலு பேர் முன்னாடி கேஸ் வந்துடக் கூடாதுன்னு பின்னாடி அடக்குவீங்கல்ல, அங்க ஆரம்பிச்சு, அந்த இறுக்கத்த அப்படியே முன்பக்கம் யூரின் வர்ற இடம் வரைக்கும் கொண்டு வந்து, உள்ளயும் மேலயும் இழுங்க. வயிறு, தொடை, தாடை எல்லாம் தளர்வா இருக்கணும், மூச்சு தானா போய்ட்டு வரணும். ஒரு கைக்கண்ணாடிய கீழ வச்சுப் பாருங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல, உங்க உடம்புதானே. பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்கற இடம் உள்ள போனா சரி, வெளிய பிதுங்கினா முக்கறீங்கன்னு அர்த்தம், அப்படின்னா நிறுத்திட்டு ஆள்கிட்ட காட்டிக் கத்துக்கோங்க. யூரின் போகும்போது நடுவுல நிறுத்தி நிறுத்திப் பழகுங்கன்னு சில வீடியோல சொல்றாங்க, அத தினமும் பண்ணாதீங்க, முழுசா காலியாகாம போயிடும்.

மூணு செகண்ட் பிடிக்க முடிஞ்சா மூணு செகண்ட், அதே அளவு நேரம் முழுசா விடணும், விடறதும் எக்ஸர்சைஸ்தான். இப்படி 8 தடவை, கூடவே டக்டக்குன்னு வேகமா ஒரு 10 தடவை, காலை மதியம் ராத்திரி. மெதுவா 10 செகண்ட் வரைக்கும் ஏத்துங்க, படுத்துப் பழகினத அப்புறம் உக்காந்து, அப்புறம் நின்னுக்கிட்டு. குறைஞ்சது மூணு மாசம் விடாம பண்ணாத்தான் இது வேலை செய்யுதா இல்லையான்னே சொல்ல முடியும். பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது ஒரு செட் முடிச்சிடலாம், தனியா நேரம் ஒதுக்கறேன்னு நினைச்சா கைக்குழந்தை இருக்கற வீட்ல அந்த நேரம் வரவே வராது.

இதவிட சீக்கிரமா பலன் தெரியற விஷயம் ஒண்ணு இருக்கு. தும்மல் வரப்போகுதுன்னு மூக்கு சொல்லும்ல, அப்பவே இறுக்கிட்டு அப்புறம் தும்முங்க. குடத்தத் தொடறதுக்கு முன்னாடி இறுக்கி, மூச்ச வெளிய விட்டுக்கிட்டே தூக்குங்க, பாப்பாவ தொட்டில்ல இருந்து எடுக்கும்போதும் இதேதான். முதல்ல மறந்து மறந்து போகும், ரெண்டு மூணு வாரத்துல உடம்பே செய்ய ஆரம்பிச்சிடும்.

அவசரமா வர்றதுக்கு, ஓடாதீங்க. ஓடினா குலுங்கி அங்கயே போயிடும். வந்த இடத்துலயே நின்னு, இல்லன்னா உக்காந்து, வேகமா அஞ்சாறு தடவை இறுக்கி விடுங்க, மூத்திரப்பை சுருங்கறது ஒரு அலையா வந்து அடங்கும், அடங்கின அப்புறம் நடந்து போங்க. "எதுக்கும் போய்ட்டு வந்துடறேன்"னு அரை மணிக்கு ஒரு தடவை போற பழக்கம் இருந்தா அத நிறுத்தணும், இப்ப ஒரு மணி நேரம் தாங்குதுன்னா அடுத்த வாரம் ஒண்ணேகால் மணி, அப்புறம் ஒன்றரைன்னு ஏத்தி ரெண்டரை, மூணு மணி நேரத்துக்குக் கொண்டு வாங்க, ஒன்றரை மாசமாவது ஆகும். காபி, டீ மொத்தமா ரெண்டு டம்ளர் போதும். இந்த அவசரத்துக்கு மாத்திரையும் இருக்கு, ஆனா பால் கொடுக்கற வரைக்கும் நீங்களா மெடிக்கல்ல கேட்டு வாங்கிடாதீங்க. பால் கொடுக்கற காலத்துல ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் குறைவா இருக்கறதால அந்த இடம் வறண்டு எரிச்சலா இருக்கலாம், தாம்பத்தியத்துல வலியோ லீக்கோ இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

வீட்டு விஷயத்துக்கு வர்றேன். முக்கி மோஷன் போறது அந்தத் தசைக்கு நேர் எதிரி, பத்தியம்னு காய், பழம் எல்லாத்தையும் நிறுத்தியிருந்தா கீரை, கொய்யா, பப்பாளின்னு திரும்ப ஆரம்பிங்க. நல்லா பழுத்த பப்பாளி இப்ப சாப்பிடலாம், பயப்பட வேண்டாம். வயித்துல துணி கட்டறது முதுகுக்கு இதமா இருந்தா லேசா கட்டிக்கோங்க, தொப்பை குறையணும்னு மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினா அந்த அழுத்தம் கீழதான் போகும். இருமல் ரொம்ப நாளா இருந்தா அத முதல்ல சரி பண்ணுங்க. குடத்துக்குப் பதிலா கொஞ்ச நாளைக்கு சின்ன பக்கெட்ல ரெண்டு நடையா எடுங்க, முடிஞ்சா வீட்டுக்காரர தூக்கச் சொல்லுங்க, அவருக்கும் அது பாப்பாதானே.

அடுத்த மாசம் வேலைக்குப் போகலாம். லீக்குக்குன்னே இருக்கற பேட் மெடிக்கல்ல கிடைக்கும், பீரியட்ஸ் நாப்கின் தண்ணியா வர்ற யூரின அவ்வளவு வேகமா உறிஞ்சாது, நனைஞ்ச உடனே மாத்தலன்னா புண்ணாகும். கம்பெனி டாய்லெட் சுத்தமா இல்லன்னு பாதி குந்தி நின்னுக்கிட்டே போவாங்க நிறைய பேர், அப்படிப் போனா முழுசா காலியாகாது, துடைச்சுட்டாவது உக்காந்து போங்க, இந்தியன் டாய்லெட்னா நல்லா குத்தவச்சுப் போங்க. பிரேக் கிடைக்காதுன்னு தண்ணிய மட்டும் திரும்பக் குறைச்சுடாதீங்க, சூப்பர்வைசர்கிட்ட டாக்டர் சீட்டக் காட்டிக் கேக்கலாம். இஎஸ்ஐ கார்டு இருந்தா அங்க காட்டுங்க, இல்லன்னா கோவை அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடத்துல மகப்பேறு டாக்டரப் பார்த்து பிசியோதெரபிக்கு எழுதிக் கேளுங்க. போகும்போது "இடுப்புத்தள தசைக்கு சொல்லிக் கொடுக்கறவங்க இருக்காங்களா"ன்னு குறிப்பா கேக்கணும், முதுகுவலிக்குக் கரண்ட் வச்சு அனுப்பினா இதுக்குப் பிரயோஜனம் இல்ல.

ஆபரேஷனப் பத்தி இப்ப யோசிக்கவே வேண்டாம். யூரின் குழாய்க்கு அடியில பட்டி வச்சுத் தாங்கற ஆபரேஷன் இருக்கு, அழுத்தத்துல வர்ற லீக்குக்கு நல்லாவே கேக்கும், ஆனா இன்னொரு பிரசவம் ஆனா அந்தப் பலன் போயிடலாம்ங்கறதால குழந்தை போதும்னு முடிவான அப்புறம்தான் பொதுவா பண்ணுவாங்க, அதுவும் ஒழுங்கா எக்ஸர்சைஸ் பண்ணியும் சரியாகலன்னாதான்.

அடுத்த குழந்தை தாராளமா பெத்துக்கலாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடி பாப்பாவுக்கு ரெண்டு வயசாவது ஆகட்டும், உலக சுகாதார நிறுவனம் சொல்ற இடைவெளியும் அதுதான். கர்ப்பம் ஆனதுல இருந்தே இந்த எக்ஸர்சைஸ தொடருங்க. இந்தப் பிரசவத்தோட டிஸ்சார்ஜ் சம்மரிய பத்திரமா வச்சிருந்து முதல் செக்கப்புக்கே எடுத்துட்டுப் போங்க, போன தடவை ஆயுதம் போட்டாங்க, பாப்பா 3.6 கிலோ, அப்புறம் இத்தனை மாசம் லீக் இருந்துச்சு, ஆசனவாய் வரைக்கும் கிழிஞ்சு தையல் போட்டிருந்தா அதையும், நீங்களே வாயத் திறந்து சொல்லுங்க, கூட்டத்துல அவங்களா கேக்க மாட்டாங்க.