நைட் டியூட்டியும் பகல் நித்திரையும்: நீங்க கேட்டதுகளுக்குப் பதில்

மட்டக்களப்பில ஆஸ்பத்திரி வாட்டில கனகாலம் நைட் டியூட்டி பாத்த நேர்சிங் ஒஃபிசர் நான். நித்திரையப் பத்திக் கேளுங்க எண்டு சொன்னதுக்கு நிறையப் பேர் கேட்டிருக்கிறீங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றன்.

கல்லடி, நேர்ஸ்: அக்கா, ராவு ஏழு தொடக்கம் விடிய ஏழு வரை டியூட்டி. வந்து எட்டரைக்குப் படுத்தா பத்தரைக்கே முழிப்பு, பிறகு நித்திரை வருதேயில்ல. ஏன்?

தங்கச்சி, உடம்பு எவ்வளவு களைச்சாலும் மூளைக்குள்ள இருக்கிற மணிக்கூடு உங்கட றோஸ்டரப் பாக்கிறதில்ல, கண்ணுக்குள்ள போற வெளிச்சத்தத்தான் பாக்குது. இருட்டினா மெலடோனின் எண்ட நித்திரை ஹோர்மோன் சுரக்கும், விடிய வெளிச்சம் பட்டா அது குறையும், உடம்புச் சூடும் விடியச்சாமம் நாலஞ்சு மணிக்கு ஆகக் குறைஞ்சு பிறகு ஏறத் தொடங்கும். நீங்க படுக்கிற நேரம் அது ஏறிக்கொண்டிருக்கு, அதான் முழிப்பு வருது. (இந்த உடம்பு மணிக்கூடு எப்பிடி ஓடுது எண்டு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2017ல மூண்டு பேருக்கு மருத்துவ நோபல் பரிசு குடுத்தது.)

அதனால டியூட்டி முடிஞ்சா வெளிச்சத்தக் குறைங்க. டவுண்ல இருந்து பாலத்தால வரக்குள்ள காலை வெயில் மூஞ்சிலதான் அடிக்கும், கூலிங் கிளாஸ் போடுங்க, ஆனா கண் சொருகுற அளவு களைப்பெண்டா ஸ்கூட்டரே வேணாம், ஆரையும் வந்து ஏத்தச் சொல்லுங்க. மார்க்கட், உடுப்புத் தோய்க்கிறது எல்லாம் எழும்பினாப் பிறகு. யன்னலுக்குக் கறுப்புத் துணி ரெண்டு மடிப்பாப் போடுங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல தகட்டு வீட்டுக்குள்ள பகல்ல படுக்கிறது லேசான விசயமில்ல, எனக்கும் தெரியும். காலை வெயில் படாத மேற்குப் பக்க அறையப் பாருங்க, தலைக்குக் குளிச்சிட்டு ஃபேனுக்குக் கீழ படுங்க. ஒரே இழுவையில ஏழு மணித்தியாலம் வராட்டிப் பயப்பிடாதீங்க, காலையில நாலஞ்சு மணித்தியாலம், பின்னேரம் டியூட்டிக்கு முன்னால ஒண்டரை ரெண்டு எண்டு பிரிச்சுக் கொண்டாலும் சரி.

சம்மாந்துறை, குடும்பப் பெண்: இவர் அரிசி மில்லில ராவுக் காவல். பகல்ல ஒறங்கினா மாமி சும்மா சும்மா எழுப்புறாங்க, பகல்ல ஒறங்குறவன் சோம்பேறி எண்டு கதை வேற.

இதுதான் எனக்கு ஆகக் கவலையான கேள்வி. மாமிக்கிட்ட மரியாதையாக் கேளுங்க, ராவு ஒரு மணிக்கு ஆராவது உங்களத் தட்டி எழுப்பி கேஸ் முடிஞ்சிட்டு எண்டு சொன்னா எப்பிடி இருக்கும் எண்டு. உங்கட புருசனுக்குப் பகல் பதினொரு மணி அந்த மாதிரித்தான். எழுப்பக்கூடாத நேரம் எது எண்டு வீட்டில எல்லாரும் சேர்ந்து முடிவெடுங்க, அவர்ட போன் உங்கட கையில இருக்கட்டும், பிள்ளைகளுக்கும் சொல்லி வைங்க. பாங்கு சத்தத்தில முழிச்சாலும் அறை இருட்டா இருந்தா திரும்ப நித்திரை வந்திடும், ஆள் கூப்பிட்டு எழுப்பினாத்தான் கஷ்டம்.

கல்முனை, கொழும்பு நைட் பஸ் டிரைவர்: நாலு மணிக்குக் கண் சொருகுது. பிளேன்டீ குடிச்சா ஓடலாம்தானே?

இல்ல தம்பி. பதினேழு மணித்தியாலம் முழிச்சிருந்தவன்ட கையும் கண்ணும் இரத்தத்தில 0.05 வீதம் அற்ககோல் உள்ளவன்ட மாதிரித்தான் வேலை செய்யும் எண்டு ஆய்வில காட்டியிருக்கிறாங்க. பஸ்ஸ ஓரமா நிப்பாட்டி, கோப்பி ஒண்டு குடிச்சிட்டு உடனே இருபது நிமிசம் கண்ண மூடுங்க, நீங்க எழும்பக்குள்ள கோப்பி வேலை செய்யத் தொடங்கும். சனம் ஏசினா ஏசட்டும். ஆனா அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், மிச்ச ஓட்டத்துக்கு ரெண்டாவது டிரைவரக் கேளுங்க. கோப்பி, தேத்தண்ணியில இருக்கிற கஃபீன் பாதி இறங்கவே அஞ்சு மணித்தியாலம் மட்டுல எடுக்கும், அதனால நாலு மணிக்குக் குடிச்சது ஒன்பது மணி நித்திரையிலயும் கை வைக்கும்.

வெல்லாவெளி, விவசாயி: யானைக்குப் பரண்ல காவல். ராவில அரை நித்திரை, பகல்ல வயல் வேலை.

ரெண்டு பேர் மாறி மாறிப் பாருங்க அண்ணா, ஒராள் சாமம் வரை, மத்தாள் விடியும் வரை. அரை நித்திரை ரெண்டு பேருக்கும் பிரயோசனமில்ல, யானை வந்தாலும் தெரியாமப் போகும். மத்தியானச் சோறு திண்டாப் பிறகு கட்டாயம் படுங்க.

அம்பாறை, கார்மண்ட்: ஓஃப் நாள்ல பழையபடி ராவில படுக்கவா?

கிழமையில ஒண்டு ரெண்டு நைட் மட்டுமெண்டா ஓம், மாறுங்க. கடைசி நைட் முடிஞ்சு மத்தியானம் வரை மட்டும் படுத்து எழும்பி, ராவு ஒன்பது பத்துக்குப் படுங்க. தொடர்ந்து நைட்டெண்டா முழுசா மாறாதீங்க, ஓஃப் நாள்லயும் சாமம் ரெண்டு மூண்டு மணிக்குப் படுத்து காலையில பத்துப் பதினொண்டுக்கு எழும்புங்க, மணிக்கூடு அங்கயும் இங்கயும் இழுபடாது.

ஏறாவூர், செக்யூரிட்டி: பாமசியில நித்திரைக் குளிசை வாங்கலாமா? எனக்கு சீனியும் இருக்கு.

டொக்டர் எழுதாமக் குளிசை வேணாம். சாமத்தில கொத்து, சோறு எண்டு வயிறு முட்டச் சாப்பிட்டா சீனி கூடுதலா ஏறும், வீட்ட சாப்பிட்டுப் போய் சாமத்தில கொஞ்சமாச் சாப்பிடுங்க. மருந்து நேரத்த நீங்களா மாத்தாம கிளினிக் கொப்பியக் கொண்டு போய், நைட் வேலை எண்டு சொல்லிக் கேளுங்க.