நான்கு நாளில் வந்த பளபளப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 27. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கன்னத்தில் பருத் தழும்புக் குழிகள் அதிகம். வேலூரில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் ஆறு சிட்டிங் மைக்ரோநீட்லிங் பேக்கேஜ் 42,000 ரூபாய் என்றார்கள். மாதத் தவணையில் சேர்ந்தேன். 15 நாளுக்கு ஒன்று வீதம் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். முதல் சிட்டிங் முடிந்து ஐந்து வாரம், இரண்டாவது முடிந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் சில நாள் குழிகள் நிரம்பியது போல இருந்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. காய்ச்சலால் மூன்றாவதற்குப் போகவில்லை. 15,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி பிஆர்பி என்ற ரத்தச் சிகிச்சையைச் சேர்த்தால் வேகமாகத் தெரியும் என்கிறார்கள். இரவில் பூச ஒரு வெள்ளை டப்பா க்ரீம் தந்தார்கள். அது மட்டும் நான்கே நாளில் முகத்தைப் பளபளப்பாக்கியது. பலன் எப்போது தெரியும்? நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஐந்து வாரத்தில் குழிகள் அப்படியே இருப்பது இயல்பு, தம்பி. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வெள்ளை டப்பா. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

மைக்ரோநீட்லிங் என்பது முகத்தில் நுண்ணிய ஊசிகளால் வேண்டுமென்றே சிறு காயங்களை உண்டாக்குவது. காயம் பட்டதும் உடல் பழுதுபார்க்க இறங்குகிறது. முதல் சில நாள் அந்த இடம் முழுக்க வீங்கியிருக்கும், வீக்கத்தில் குழி நிரம்பினாற்போலத் தெரியும். அந்த வாரத்தில் எடுத்த செல்ஃபியைத்தான் பலன் என்று நினைத்துவிட்டீர்கள். வீக்கம் வற்றியது; வளர வேண்டியது இன்னும் வளரவில்லை. இடையில் இருக்கும் இந்த வெற்றுக்காலத்தில்தான் நோயாளிகள் மனம் உடைகிறார்கள். கூடுதல் பணம் கேட்பவர்களும் சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

வளர வேண்டியது கொலாஜன். பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் உங்களுக்குப் பழக்கமானதுதான். தொழிற்சாலையில் தினமும் நீங்கள் கையில் எடுக்கும் தோல் பெரும்பாலும் அதுதான். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்திய காலத்தில் ஒரு தோல் தயாராக வாரக்கணக்கில் ஆனதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உரித்தெடுத்த தோலுக்கே அவ்வளவு நாள். உயிருள்ள தோல் முதலில் மெல்லிய இழையாகக் கொலாஜனை நெய்து, பிறகு அதைக் கலைத்துவிட்டு, அந்த இடத்தில் உறுதியான இழையை வைக்கிறது. இதற்கு மாதங்கள் ஆகும். எந்த இயந்திரமும், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், இதை முடுக்கிவிட முடியாது.

இரண்டு சிட்டிங்குகளுக்கு நடுவே நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கவனிக்கும் அளவுக்கு மாற்றம் தெரிவது பெரும்பாலும் மூன்றாவதற்குப் பிறகுதான். ஆறும் முடிய ஆறு, ஏழு மாதம். கடைசி சிட்டிங் முடிந்து மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத்தான் தீர்ப்புச் சொல்லலாம். ஆக, தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம். அப்போதும் குழிகள் அடியோடு மறையாது. ஆழம் பாதியாகக் குறைந்தாலே நல்ல வேலை என்பேன். நூற்றுக்கு நூறு என்று எவராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒன்று என்பது முந்தைய காயத்தின் வேலை முடியுமுன் அடுத்த காயத்தை உண்டாக்குவது. இந்த அவசரம் உங்கள் தோலுக்காக வந்ததல்ல. தவணை நிறுவனம் முழுத் தொகையையும் கிளினிக்குக்கு முதலிலேயே கொடுத்துவிடுகிறது. பிறகு நீங்கள் கடன்காரர், அவர்கள் வசூல் முடித்தவர்கள். மூன்று மாதத்தில் ஆறையும் முடித்துவிட்டால், பலன் தெரியாத கட்டத்திலேயே கணக்கு முடிந்துவிடும். உங்களுக்கு வந்த காய்ச்சல் நல்லதே செய்திருக்கிறது.

எல்லாக் குழியும் ஒன்றல்ல. ஊசியால் குத்தினாற்போலக் குறுகி ஆழமாக இறங்கும் குழி இந்தச் சிகிச்சைக்கு மசியாது. குழிக்குள் மட்டும் ஒரு துளி அமிலம் வைக்கும் வேறு முறை அதற்கு உண்டு. அலை அலையான பள்ளங்களை அடியிலிருந்து நார் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த நாரை அறுத்துவிட்டால்தான் தோல் எழும்பும். உங்களுக்கு விலை சொன்னவர் கன்னத்தை விரலால் இழுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தாரா? பருக்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றனவா என்று கேட்டாரா? புதுப் பருக்களை மருந்தால் அடக்காமல் பழைய தழும்புக்குச் சிகிச்சை செய்வது, கூரை ஒழுகும்போதே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான்.

விலை சொன்னவர் மருத்துவராகவே இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இந்த இடங்களில் ‘கவுன்சலர்’ என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். வார்டு கவுன்சிலர் இல்லை, இவர் வேறு வகை. இவருக்குச் சம்பளத்தோடு கமிஷனும் உண்டு. பேக்கேஜ் பெரிதானால் கமிஷனும் பெரிது. உங்கள் கன்னத்தைப் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் எந்தத் தொழிற்சாலை, என்ன சம்பளம் என்று கேட்டிருப்பாரே? சிட்டிங் சிட்டிங்காகப் பணம் கட்ட அனுமதிக்காத இடத்தில் உட்காரவே உட்காராதீர்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, ஒவ்வொரு மருத்துவரும் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும் காட்ட வேண்டும். உங்களிடம் இருக்கும் ரசீதை எடுத்துப் பாருங்கள். எண் இல்லாவிட்டால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது.

இனி வெள்ளை டப்பா. அதில் பெயர் இல்லை, கம்பெனி இல்லை, காலாவதித் தேதி இல்லை என்று எண்ணுகிறேன். நான்கு நாளில் முகத்தை வழவழப்பாக்கி, சிவப்பை அடக்கி, நிறத்தையும் வெளுத்துக் காட்டக்கூடிய பொருள் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. பெரும்பாலும் ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும் மருந்து. சில க்ரீம்களில் பாதரசமும் இருக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வெளுக்கும் க்ரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. ஸ்டீராய்டு முதல் சில வாரம் தேவதையாக இருக்கும். பிறகு தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்களாகத் தெரியும், வெயிலில் நின்றால் எரியும், பொடிப் பருக்கள் கிளம்பும். இவற்றையெல்லாம் விடக் கொடுமை, ஸ்டீராய்டு கொலாஜன் உற்பத்தியைத் தடுக்கிறது. 42,000 ரூபாய் கொடுத்துப் பகலில் கட்டச் சொன்னதை இரவில் இடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் எல்லா ட்யூப்களையும் குப்பையில் போடுபவர்கள் உண்டு. ஆகவே இதைச் சற்று நிறுத்திச் சொல்கிறேன். ஸ்டீராய்டு விஷமல்ல. உங்கள் தொழிற்சாலையிலேயே, பதப்படுத்திய தோலில் இருக்கும் குரோமியத்தாலும் ஒட்டும் பசையாலும் கை வெடித்து, அரித்து, நீர் வடிந்து வருபவர்கள் இருப்பார்கள். கட்டட வேலை செய்பவர்களுக்குச் சிமெண்டால் அப்படி ஆகும். அந்தக் கைக்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான் சரியான மருந்து. உள்ளங்கைத் தோல் தடிமனானது, அதைத் தாங்கும். மருத்துவர் சொன்ன நாள் வரை பயமில்லாமல் பூசலாம். பயந்து பாதியில் விட்டவர்கள்தான் வேலையை விடும் நிலைக்கு வருகிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அப்பாவின் கைக்கு எழுதிக் கொடுத்த ட்யூப் அலமாரியில் கிடக்கும். மகன் பருவுக்குப் பூசுவான், மகள் நிறத்துக்குப் பூசுவாள். கை தாங்கும் மருந்தை முகத்தின் மெல்லிய தோல் தாங்காது. அப்பாவின் ட்யூப் அப்பாவுடையதாகவே இருக்கட்டும், அதை எறிய வேண்டாம்.

2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆணை தாளில் இருக்கிறது. களிம்பு கடை மேசையில் இருக்கிறது. பெயர் சொல்லிக் கேட்டால் போதும், சீட்டு எங்கே என்று கேட்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கிளினிக்குகளின் கதையும் இதேதான். தனியார் கிளினிக்குகளை முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-இல் இயற்றியது. விதிகள் வந்தது 2018-இல். விதி எழுதவே 21 வருடம் எடுத்துக்கொண்டவர்கள் ஆய்வுக்கு எப்போது வருவார்கள் என்று நான் கணக்குப் போடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் முகம் வெந்துபோய் வந்த ஒரு பெண்ணுக்காகப் புகார் எழுதினேன். ஓர் அலுவலகம், அது அழகு நிலையம், எங்கள் பொறுப்பு அல்ல என்றது. இன்னொன்று, ஊசி போட்டிருக்கிறார்களே, அப்படியானால் அது மருத்துவம், எங்களிடம் ஏன் வந்தீர்கள் என்றது. அந்த இடத்தின் பெயர்ப்பலகை ஒரு வழியாக இறங்கியது. சில மாதங்களில் எதிர்த்தெருவில் புதுப் பெயரோடு ஏறியது.

பிஆர்பி பற்றி இரண்டு வரி போதும். உங்கள் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்துத் துளைகளில் பூசுவது அது. ஓரளவு கூடுதல் பலன் கிடைக்கலாம். ஒரு வருடக் கணக்கை அது ஆறு மாதமாக்காது. அந்த 15,000 ரூபாயைக் கட்டாதீர்கள்.

குழியும் கறையும் வேறு வேறு. பரு வந்த இடத்தில் நிற்கும் பழுப்புக் கறை வெயில் படாவிட்டால் சில மாதங்களில் தானே மங்கும். வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. ஊசி பட்ட முகத்தோடு, சன்ஸ்கிரீன் பூசாமல், கத்திரி வெயிலில் இரு சக்கர வாகனத்தில் போனால் இருக்கும் கறையோடு புதுக் கறையும் சேரும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் சன்ஸ்கிரீன் வேண்டும், கடுகளவு பூசினால் பூசாததற்குச் சமம். பகல் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருமுன் மறுபடி பூசுங்கள்.

தினமும் கண்ணாடி பார்ப்பதை விடுங்கள். மாதம் ஒரு நாள், அதே ஜன்னல், அதே நேரம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது சிட்டிங்கை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். இந்த வாரமே அந்த டப்பாவோடு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். தனியாரிடம் போகப் பணம் இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையில் போங்கள். ஐந்து வாரம் பூசியதைத் திடீரென நிறுத்தினால் சிலருக்கு முகம் சிவந்து எரியும், பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். அதைப் பார்த்துப் பயந்து திரும்பப் பூசுபவர்கள்தான் அந்த டப்பாவின் நிரந்தர வாடிக்கையாளர்கள். எப்படி நிறுத்துவது, எரிச்சலுக்கு என்ன பூசுவது என்பதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். டப்பா காலியாகியிருந்தாலும் கழுவாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள், ரசீதையும் சேர்த்து.