கடலோர ஊர் என்றால் கடத்தல் ஊரா?

"ராமநாதபுரம் கடற்கரையில் கடத்தல் ரத்தத்திலேயே ஊறியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. கடலடியில் ஊரும், வெள்ளரிக்காய் போன்ற உயிரினமான கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 வரை மண்டபம் ஊர்ப் பக்கம் அதைக் குடல் நீக்கி, அண்டாவில் அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலைச் சுரண்டிக் காயவைப்பது பட்டப்பகலில் நடந்த வேலை. அந்த ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது பிடிக்கவும் விற்கவும் தடையுள்ள உயிரினங்களின் பட்டியலில், அட்டை சேர்ந்தது. அதே கை, அதே அண்டா, ஆனால் இப்போது குற்றம். எதிர்க்கரை இலங்கையிலோ உரிமம் இருந்தால் பிடிக்கலாம்.

அட்டை அருகிவந்தது உண்மை. தடையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிடிபட்ட அட்டை மூட்டைதான் செய்தியில் வருகிறது. விடியும்முன் நண்டு வலையில் சிக்கெடுக்கும் நூறு பேர் வருவதில்லை. அப்புறம் ஊருக்கே பெயர் ஒட்டிக்கொள்கிறது. பாம்பன் என்றதும் வாடகைக்கு வீடு தர வந்தவர் முகம் மாறியதை நானே பார்த்திருக்கிறேன்.