புது வீட்டுச் சமையலறைக்கு எத்தனை பிளக் பாயின்ட் வைக்கலாம்? சிங்கிள் ஃபேஸ் போதுமா?

கேட்டவர் கிருஷ்ணகிரியில் வீடு கட்டுவதாகப் போட்டிருக்கிறார். ரூஃப் போட்டு முடித்து, பூச்சு வேலைக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "கிச்சனுக்கு ரெண்டு பாயின்ட் போதும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 2016-ல் பாலக்கோடு பக்கம் நாங்கள் வீடு கட்டியபோது எங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எலக்ட்ரீஷியன் இல்லை. "பொம்பளைக்கு ஒயரைப் பற்றி என்ன தெரியும்" என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம். அந்த அடுப்படியில் தினமும் நிற்பவள் நான். வீடு கட்டும்போது அங்கே என்னென்ன ஓடும் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் என் வீட்டுக்காரரிடம்தான் போனது. அவர் காபி குடிக்க மட்டும் அந்தப் பக்கம் வருவார்.

நடந்தது இதுதான். காலை ஆறரை மணி. இண்டக்‌ஷன் அடுப்பில் குழம்பு, அது 2000 வாட். அத்தை குளிருக்கு வெந்நீர் வேண்டும் என்று கெட்டில் போட்டிருந்தார், அது 1500. நான் சட்னிக்கு மிக்ஸி ஓட்டினேன், 750. மொத்தம் 4250 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் பதினெட்டரை ஆம்பியர். ஹாலுக்கும் அடுப்படிக்கும் சேர்த்து ஒரே லைன், அதுவும் 1.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் மெல்லிய ஒயர் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. முதலில் மீன் கருகுவது மாதிரி ஒரு வாடை. அப்புறம் பிளக் பாக்ஸ் உருகிச் சுவரில் வழிந்தது. அத்தை மெயினை அணைக்க ஓடினார். என் சின்னவள் அந்தச் சுவரை ஒட்டித்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது.

லோடு கூடினால் தானாக விழுந்து லைனை அணைக்க வேண்டிய எம்சிபி சுவிட்ச் ஏன் விழவில்லை? அதற்கு முந்தின மாதம் அது அடிக்கடி விழுகிறது என்று ஒயரிங் செய்தவரைக் கூப்பிட்டோம். "பெருசு போட்டுட்டா விழாதுக்கா" என்று சொல்லி 16-ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போனார். நாங்களும் நன்றி சொல்லிக் காசு கொடுத்தோம். எம்சிபி காப்பாற்றுவது மிக்ஸியை இல்லை, சுவருக்குள் இருக்கும் ஒயரை. ஒயர் தாங்குவதைவிடப் பெரிய எம்சிபி போட்டால் ஒயர்தான் முதலில் எரியும். அது விழுந்துகொண்டே இருந்தால் லைனைப் பிரிக்க வேண்டுமே தவிர, எம்சிபியை மாற்றக் கூடாது.

அதனால் பாயின்ட்டை எண்ணாதீர்கள். உங்கள் வீட்டில் காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள் ஒரே நேரத்தில் என்னென்ன ஓடும் என்று சமைப்பவரிடம் கேட்டு, வாட்டோடு எழுதுங்கள். எங்கள் வீட்டில் களி கிளறுவது காஸில்தான், அது கணக்கில் வராது. மற்றதெல்லாம் வரும். டைல்ஸை உடைத்துத் திரும்பச் செய்தபோது இண்டக்‌ஷனுக்கு எம்சிபி எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து 2.5 ஸ்கொயரில் தனி லைன், 16 ஆம்பியர் எம்சிபி. மேடையில் மிக்ஸி, கெட்டிலுக்கு இன்னொன்று. ஃப்ரிட்ஜுக்குத் தனி, மேடை லைனின் எம்சிபி விழுந்தாலும் பால் கெடக் கூடாது. பாத்திரம் கழுவும் இடத்து இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட், அதற்கு 4 ஸ்கொயர். எதிர்காலத்தில் மைக்ரோவேவ் ஓவன் வாங்கினால் என்று ஒரு காலி பைப்பும் விட்டிருக்கிறோம்.

இதையெல்லாம் கூட்டி, போர் மோட்டாரையும் சேர்த்தால் 4 கிலோவாட்டைத் தாண்டும். அதற்கு மேல் போனால் சிங்கிள் ஃபேஸ் போதாது, மூன்று கரண்ட் கம்பி வரும் மூன்று ஃபேஸ் சர்வீஸ்தான். முதலிலேயே அதற்கு எழுதிக் கொடுங்கள். நாங்கள் பிறகு மாற்றியதில் மீட்டர் போர்டிலிருந்து மெயின் ஒயர் வரை இரண்டாம் முறை செலவு.

எர்த்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் நாலடி தோண்டினால் பாறை. வெயில் காலத்தில் காய்ந்த மண்ணும் பாறையும் கரண்டை உள்ளே வாங்காது. பாறை வந்ததும் அங்கேயே கம்பியைப் புதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்று இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேறு இடத்தில் ஆழமாகக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றப் பைப் வைத்தபின் நின்றது. கரண்ட் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் போட்டோம். போட்ட அன்றே அது விழுந்தது. பார்த்தால் கிரைண்டர் பாயின்ட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள். ஆர்சிசிபி விழுந்தால் அதைக் கழற்றச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஆர்ஓ மெஷினுக்கும் ஒரு பாயின்ட் வேண்டும், தொட்டிக்கு நேர் மேலே வேண்டாம். ஆர்ஓ என்றதும் மனசு வேறெங்கோ போகிறது. எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், சின்ன வயதில் குடித்தால் பல் கறையாகிவிடும். 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர்த் திட்டம் வந்தது, அதற்குள் நாங்கள் வளர்ந்துவிட்டோம். என் அக்காவைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள், "பொண்ணு பல்லே விளக்காதா" என்று அவள் காதுபடக் கேட்டார்கள். அவள் இன்னமும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, கடைசியாக ஒன்று. ஒயர் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன், அளவு டேப்பைச் சுவரில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். போன மாதம் சிம்னிக்கு ஓட்டை போட வந்த பையன் டிரில்லை வைத்த இடத்துக்கு இரண்டு இன்ச் தள்ளித்தான் இண்டக்‌ஷன் லைன் போகிறது. போனில் இருந்த படத்தைக் காட்டித்தான் நிறுத்தினேன்.